தொட்டால் சிவக்கும் சீல்

பூட்டுகிற மனிதர்கள் ஒரு ரகம். பூட்டுவார்கள், சாவியைச் செருகிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அவர்களோடு நமக்கு ஒரு வம்பும் இல்லை. இங்கே சொல்ல வந்தது இன்னொரு ரகத்தை: அடையாளம் வைக்கிறவர்கள். திருடன் வரக்கூடாது என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம்பட்சம். வந்தானா, வரவில்லையா, வந்தால் எதைத் தொட்டான், தொட்டதை எத்தனை அங்குலம் நகர்த்தினான், அது தெரிந்தாக வேண்டும். ஊறுகாய் ஜாடியின் மூடியில் ஒரு கோடு, கழுத்தில் அதற்கு நேராக ஒரு கோடு. பேனாவை மேஜையில் வைத்தால் அதன் முனை காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் நாற்காலி அரை அங்குலம் இறங்கியிருந்தால் அன்றைக்கு ஆபீஸே ஓடாது. "யாரு தொட்டது?" இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். உங்களுக்கு இப்படி ஒருவரைத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் இரண்டு பேரைத் தெரியும்.

நமக்குத் தெரிந்தவர் அழகிரி. ஐம்பத்து மூன்று வயது, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வீடு, எடமலைப்பட்டி புதூரில் பட்டறை. மற்றவர்கள் இந்த வியாதியை வைத்துக்கொண்டு வீட்டாரை மட்டும் வதைப்பார்கள். அழகிரி கெட்டிக்காரர், அதையே தொழிலாக்கிக்கொண்டார். லாரிக்கும் கண்டெய்னருக்கும் சீல் செய்கிறார். சரக்கு லாரியின் பின்கதவைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ப்பாளில் கலர் பிளாஸ்டிக் வளையம் ஒன்று நம்பரோடு தொங்கும். ஒரு தடவை மாட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். புறப்படும் இடத்தில் அந்த நம்பரைச் சீட்டில் எழுதுவார்கள், போய்ச் சேரும் இடத்தில் சரிபார்ப்பார்கள். வளையம் முழுசாக, நம்பர் மாறாமல் இருந்தால் நடுவில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று அர்த்தம். இந்தச் சுண்டுவிரல் பிளாஸ்டிக் திருடனைத் தடுக்குமா என்று அவரிடம் யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"தடுக்கிறது பூட்டோட வேலைங்க. சீல் சாட்சி. சாட்சி கையைப் பிடிச்சுத் தடுக்காது, பார்த்ததைச் சொல்லும்" என்று ஆரம்பிப்பார். கேட்டவர் கையில் இருக்கும் காபி ஆறி, ஆடை கட்டி, ஈ விழுகிற வரைக்கும் அது ஓடும்.

மனைவி மணிமேகலை, ஸ்கூலில் கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சாட்சிகளோடு குடித்தனம் நடத்துகிறார். பிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு நூல். பீரோ கைப்பிடியில் ஒரு பூச்சு பவுடர். முறுக்கு டின்னைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முறுக்கு, அதன் வால் வடக்கே பார்த்தபடி. கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். இவர் செருப்பை விட்டு, போனில் ஒரு படம் எடுத்து, இடது செருப்பு வாரில் ஒரு நூலைச் செருகி, நாலடி போய்த் திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே நடப்பார். சன்னதியில் நிற்கும்போதும் மனசு அந்த நூலில்தான் இருக்கும். வீடு பூட்டுகிற சடங்கு தனி. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்: ஒன்று மெதுவாக, ஒன்று பலமாக, மூன்றாவது, கதவு நிலையில் காலை முட்டுக்கொடுத்து. அத்தனைக்கும் பிறகு காவிரிப் பாலத்தின் நடுவில், முன்னால் பஸ், பின்னால் பஸ், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறையும்.

"என்னங்க?" என்பார் பின்னால் உட்கார்ந்திருக்கும் மணிமேகலை.

"பூட்டினோமா?"

"மூணு தடவை இழுத்தீங்க."

"மூணாவது தடவை சத்தம் வேற மாதிரி கேட்டுச்சே."

திரும்பிப் போவார்கள். பூட்டியிருக்கும். வந்ததற்கு மறுபடி மூன்று இழுப்பு. மணிமேகலைக்கு ஸ்கூலில் அன்று முதல் பீரியட் போயிருக்கும்.

இந்த இனத்துக்கு இன்னொரு மந்திரமும் உண்டு: "எதுக்கும் இருக்கட்டும்." சாவிக்கு ஒரு மறுசாவி, மறுசாவி தொலைந்தால் என்று இன்னொன்று, அது எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த சீட்டு, சீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ். நாலு பேர் கையில் கிடைக்கிற சாவிக்கு எதற்கய்யா பூட்டு என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்காதீர்கள்.

பட்டறையில் ரஞ்சனி என்று ஒரு பெண், டிப்ளமோ படித்தவள், நாலு வருஷமாக அங்கே மூளை அவள்தான். பழைய சீல்களில் ஒரு ஓட்டை இருந்தது: கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிளாஸ்டிக்கை இளக்கி, பலமாக இழுத்து உருவிவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி செருகிவிடுவார்கள். அதற்கு ரஞ்சனி ஒன்றரை வருஷம் மண்டையை உடைத்து ஒரு புது சீல் கண்டுபிடித்தாள். மேலே நீலம், உள்ளே சிவப்பு. சூடு காட்டினாலும் சரி, பிடித்து இழுத்தாலும் சரி, நீலத் தோல் பொடிப்பொடியாக வெடித்து உள்ளேயிருக்கிற சிவப்பு வெளியே வந்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் நீலம் ஆகாது.

"சார், மாட்டினதும் ஒரே தடவை மெதுவா இழுத்துப் பாருங்க. அதோட விட்டுடணும். பலமா இழுத்தா திருட்டுக் கைன்னு நினைச்சுக்கும்" என்றாள் ரஞ்சனி.

"நம்ம கையையுமா?"

"அதுக்கு நம்ம கை எதுன்னு தெரியாது சார்."

இதில் அழகிரிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் தகராறு. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு சீல் அடித்து, ஒன்றை இவர் தன் மேஜை டிராயரில் போட்டுவைப்பார். எதுக்கும் இருக்கட்டும். ரஞ்சனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரே நம்பர்ல ரெண்டு இருந்தா அப்புறம் அது என்ன சார் சாட்சி?"

"டிராயருக்கு மூணு சீல் போட்டிருக்கேன்ம்மா."

"அந்த மூணுக்கும் ஜோடி எங்க இருக்கு?"

அழகிரி டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார். 'சரிம்மா, நிறுத்திட்டேன்' என்று மறுநாள் சொன்னார். நிறுத்தவில்லை. இந்த இனம் எதைத்தான் நிறுத்தியிருக்கிறது?

இப்படி இருக்கும்போதுதான் மணப்பாறை விஜயராணி வந்தார். முறுக்கு ஏற்றுமதி செய்கிறவர். டின் டின்னாக லாரியில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் மலேசியா. ஒவ்வொரு லோடிலும் நாலு டின், ஐந்து டின் குறைந்தது. சீல் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு தொங்கியது. எந்த டிரைவர், எந்த ஊர், யார் கை, ஒன்றும் பிடிபடவில்லை. "ஒரு லோடு உங்க சீலைப் போட்டுப் பார்க்கிறேன் சார். சரியா வந்தா வருஷம் பூரா உங்ககிட்டதான்" என்றார். பட்டறைக்கு இது உயிர்த் தண்ணீர். பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் மலிவு சீலுக்குப் போய்விட்டார்கள். மிஷின் வாரத்தில் மூன்று நாள் சும்மா நின்றது. அங்கே வேலை பார்க்கிற ஆறு பெண்களும் வேறு இடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த ஆர்டர் வந்தால் ஷட்டர் திறந்திருக்கும். வராவிட்டால் அதற்குக் கடைசியாக ஒரு பூட்டுப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை மணப்பாறையில் லாரி ரெடி. டிரைவர் ஜெகபர் அலி, விஜயராணியிடம் சேர்ந்து இரண்டே மாதம், அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் வேறு வேறு வண்டிகளில் ஊர் ஊராகப் போனவர். கதவைச் சாத்தினார்கள். ரஞ்சனி தன் கையாலேயே சீலை மாட்டினாள், ஒரே தடவை மெதுவாக இழுத்தாள், சீட்டில் நம்பரை எழுதினாள்: நானூற்றுப் பதினேழு. எழுதிவிட்டு அழகிரிக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். புது சீல், முதல் லோடு அல்லவா? விஜயராணி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டிக்கு மூன்று இடத்தில் பொட்டு வைத்து, கடைசியாக அந்த நீல சீலின் நெற்றியிலும் ஈரக் குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். அழகிரியும் கும்பிட்டார். கை கும்பிட்டதே தவிர, விரல்கள் பத்தும் அரித்துக்கொண்டிருந்தன. ஒரு தடவைகூட அவர் இழுத்துப் பார்க்கவில்லையே!

"நீ பஸ்ல கிளம்பும்மா, எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு" என்று ரஞ்சனியை அனுப்பினார். என்ன வேலை? ஸ்கூட்டரில் லாரியின் பின்னாலேயே போகிற வேலை.

வையம்பட்டியில் ஜெகபர் அலி டீ குடிக்க நிறுத்தினார். அழகிரி ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், சொந்த சீலைப் பார்க்கத் திருடன் மாதிரி பம்மிப் பம்மி லாரியின் பின்பக்கம் போனார். சீல் நீலமாகத்தான் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம் இல்லையா? நீங்களும் நானும் திரும்பியிருப்போம் என்று சத்தியம் செய்ய முடியுமா? மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். கெட்டியாக இருந்தது. கொஞ்சம் பலமாக ஒரு இழுப்பு. கெட்டி. போதும் என்று மனசு சொன்னது. ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மனசைக் கேட்டா நடக்கும்? கால் தானாக பம்பரில் முட்டுக்கொடுத்தது.

பொறபொறவென்று நீலம் வெடித்து, தாழ்ப்பாளில் ரத்தச் சிவப்பாக ஒரு வளையம் தொங்கியது.

அழகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஐயையோ, தூத்துக்குடியில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? வழியில் யாரோ திறந்தார்கள் என்பார்கள்; இல்லாவிட்டால் சீல் தானாகவே சிவந்துவிட்டது, உதவாத சரக்கு என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் ஷட்டர் விழும். அந்த நேரத்தில்தான் பையில் இருந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. நானூற்றுப் பதினேழின் ஜோடி. எதுக்கும் இருக்கட்டும் என்று காலையில் டிராயரிலிருந்து எடுத்து வந்தது. ஸ்கூட்டர் டிக்கியில் கட்டர் இருந்தது. சிவப்பை வெட்டி மேல்சட்டைப் பையில் போட்டார், நீலத்தை மாட்டினார், கிளிக். இழுத்துப் பார்க்கவில்லை. ஆயுசிலேயே முதல் தடவை! ஜெகபர் அலி டீக்கிளாஸை வைத்துவிட்டு வருவதற்குள் ஸ்கூட்டர் திருச்சி பக்கம் பறந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் விஜயராணியிடமிருந்து போன். டின் எல்லாம் சரியாக இருக்கிறது, சீல் நீலமாகவே இருக்கிறது, நம்பர் நானூற்றுப் பதினேழு, காலையில் வாங்க பேசுவோம் என்றார். அழகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நாலு நடை நடந்தார். அப்போது துவைக்கப் போடுகிற சட்டையைக் கையில் பிடித்தபடி மணிமேகலை வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. பையில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"குங்குமம்" என்றார் மணிமேகலை. சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு அந்தச் சிவப்பு வளையத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "யாரு தொட்டது?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வியோ!

அழகிரி சட்டையைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். பொட்டு! விஜயராணி வைத்த பொட்டு! சீலே சிவந்துபோனதில் அதன்மேல் இருந்த குங்குமம் கண்ணுக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியில் இறங்கிய சீலில் பொட்டே கிடையாது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். மணிமேகலை சிரிக்கவில்லை. அந்த வளையத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க கவனிக்காம இருந்துட்டா?" என்றார் அழகிரி.

"அந்தம்மாதானே வச்சாங்க? வச்சவங்க மறப்பாங்களா? உங்களுக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை விஜயராணியின் குடோனில் அழகிரி, ரஞ்சனி, ராத்திரியோடு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்த ஜெகபர் அலி, மூன்று பேரும் நின்றார்கள். விஜயராணி போனை மேஜையில் வைத்தார். தூத்துக்குடியிலிருந்து வந்த படம். பளிச்சென்று நீல சீல், குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி, நெற்றி வெறுமையாக.

"டின் குறையல. நம்பரும் அதே நம்பர். ஆனா நான் வச்ச பொட்டு எங்க?" என்றார்.

"வழியில அழிஞ்சிருக்கும்மா" என்றார் ஜெகபர் அலி.

"கதவுல வச்ச பொட்டு அழியலையே பாய்? படத்துல பாருங்க. சீல்ல மட்டும் எப்படி அழியும்? யாரோ வெட்டிட்டு வேற மாட்டியிருக்காங்க. இப்ப எடுக்கல, சரி. இது ஒத்திகை. அடுத்த லோடுல எடுப்பாங்க." அவர் ஜெகபர் அலியை நேராகப் பார்த்தார். "வண்டி உங்க கையிலதான் இருந்துச்சு."

ஜெகபர் அலியின் முகம் சுருங்கிவிட்டது. "அல்லா அறிய, நான் அந்தக் கதவுப் பக்கமே போகலைம்மா. இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன், ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல" என்றார். சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து, சத்தம் வராமல் மேஜையில் வைத்தார்.

ரஞ்சனி படத்தைப் பார்த்தாள். பிறகு அழகிரியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டிராயர் நிறுத்தப்படவில்லை. போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அழகிரி மனசுக்குள் கணக்குப் போட்டார். பேசாமல் இருந்தால் பட்டறை பிழைக்கும். சீலில் குற்றமில்லை, டிரைவர்தான் சரியில்லை என்று ஆகிவிடும். ஆறு பெண்களும் திங்கட்கிழமை வேலைக்கு வருவார்கள். விஜயராணிக்கு இன்னும் கெட்டியான சீல்கூட விற்கலாம். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஆனால் அந்தச் சாவி மேஜையில் கிடந்தது. யாரு தொட்டது? இத்தனை வருஷம் எத்தனை பேரிடம், எத்தனை ஆசையாக, எத்தனை சந்தேகமாகக் கேட்ட கேள்வி அது! அவருக்கே விடை தெரிந்தது இதுதான் முதல் தடவை. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"நான்தான் தொட்டேன்" என்றார்.

கவரை எடுத்துச் சிவப்பு வளையத்தை மேஜையில் வைத்தார். அதன் நெற்றியில் பாதி அழிந்த குங்குமம் இன்னும் இருந்தது. வையம்பட்டி, மூன்றாவது இழுப்பு, ஜோடி நம்பர், டிராயர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஜெகபர் அலி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்குங்க பாய்."

விஜயராணி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன் சார், இழுத்தா சிவக்கும்னு சொன்னீங்க. சிவந்திருக்கு. சீல் பாஸ். நீங்கதான் பெயில்!"

ஆர்டர் வந்தது, மூன்று நிபந்தனைகளோடு. டிராயரில் இருக்கிற ஜோடி அத்தனையையும் விஜயராணி கண் முன்னால் வெட்டிப் போட வேண்டும். இனிமேல் மாட்டுவது, எழுதுவது எல்லாம் ரஞ்சனி கை மட்டும். லோடு ஏறுகிற நாளில் அழகிரி மணப்பாறைப் பக்கமே வரக்கூடாது. அத்தனைக்கும் தலையாட்டினார். சீலில் பொட்டு வைப்பதை மட்டும் விஜயராணி நிறுத்துவதாக இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஜெகபர் அலி வாசலில் நின்றார்.

"இப்பதான் ஞாபகம் வருது, டீ குடிக்கிறப்ப ஹெல்மெட்டோட ஒரு ஆளு வண்டிக்குப் பின்னாடி நிக்கிறதைப் பார்த்தேன்ணே. அவசரத்துக்கு ஒதுங்குறார் போலன்னு இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றார்.

டிராயரைக் காலி செய்ய ஆறு பெண்களுக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அழகிரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வெட்டப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆசையாகப் பார்த்தார். இப்போது மிஷின் வாரம் பூரா ஓடுகிறது. வீட்டு நிலவரம்தான் மாறிவிட்டது. டாக்டர் அழகிரிக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொன்னதிலிருந்து, முறுக்கு டின்னின் மூடியும் டின்னும் சேருகிற இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. பாதி மூடியில், பாதி டின்னில். சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்ததும் மணிமேகலை கைகால் கழுவுவதற்கு முன்னால் அந்த டின்னைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு, கணவர் பாடிய அதே ராகத்தில், அதே சந்தோஷத்தோடு கேட்கிறார். அழகிரி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் இதைப் படிக்க உட்காரும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒரு நொடி கவனித்தீர்களே, அது எதற்கு? ஆபீஸில் சாப்பாட்டுப் பையின் ஜிப்பை முழுக்க இழுக்காமல் கடைசி இரண்டு பல்லை விட்டுவைக்கிறீர்களே, யாருக்காக? இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே கிளம்புவீர்கள், வீட்டைப் பூட்டுவீர்கள். ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், மெதுவாக. பூட்டிவிட்டது. தெருமுனை வரைக்கும் போய்விட்டீர்கள் அல்லவா? பிறகு ஏன் நடை தளர்கிறது?